பெரிய பங்கு மூத்தவருக்கு

அன்று காலை பங்கேற்பு நிலையத்தின் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மில் வீட்டு மூத்தவர் ஆவுடையப்பன், அவருடைய தம்பி குற்றாலிங்கம், தம்பி மனைவி உலகம்மை, மூத்தவரின் ஒரே மகன் பிரமநாயகம், பிரமநாயகத்தின் மாமனாரும் ஓய்வுபெற்ற சிறை அதிகாரியுமான வேலாயுதம், நிலையத்து அலுவலர் எஸ்தர், சுவரோரம் ஒரு காவலரின் பக்கத்தில், குற்றாலிங்கத்தின் மகன் கோமதிநாயகம். தீ வைத்தவன் அவன்தான். வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் கூட இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

நடந்தது இதுதான். தாமிரபரணிக் கரையோரம் மில் வீட்டாரின் அரிசி ஆலைக்கு முன்னால், சாலைப் புறம்போக்கில், செல்லக்கனி என்ற பெண் தகரக் கொட்டகை போட்டு டீக்கடை நடத்தி வந்தாள். ஒரு நாள் மதியம் கொட்டகை எரிந்தது. சாப்பிட்டுவிட்டு உள்ளே கண்ணயர்ந்திருந்தவள் பிழைத்தாள். கைகளும் கழுத்தும் பழையபடி ஆகவில்லை. கோமதிநாயகம் தானே போய்க் காவல் நிலையத்தில் ஒப்புக்கொண்டான். உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்றான். பத்து வருடத் தண்டனை விழுந்தது.

செய்தவன் சிறைக்குப் போகலாம், இல்லையென்றால் அவன் தண்டனையில் குடும்பம் பங்கேற்கலாம். சட்டம் இரண்டு வழி வைத்திருந்தது. மில் வீட்டில் அதுவரை ஒருவரும் சிறைப்படி ஏறியதில்லை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாயால சொல்லணும்கிறது விதி, ஐயா" என்றாள் எஸ்தர். "செல்லக்கனியம்மாவோட நினைவ, அவங்க சம்மதத்தோட பதிவு பண்ணியிருக்கோம். அதைப் பங்கு போட்டு உங்க தலைக்குள்ள ஏத்துவோம். சினிமா பாக்கிற மாதிரி இருக்காது. உங்களுக்கே நடந்த மாதிரி இருக்கும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. ஏத்தினா எறக்கவும் முடியாது."

"கேட்டுக்கிடுங்க சம்மந்தி" என்றார் வேலாயுதம். "எங்க ஜெயில்ல கதவு இருக்கு. கதவுன்னா ஒரு நாள் தொறக்கும். இவங்க முறையில கதவே கெடையாது."

எஸ்தர் அவர் பக்கம் திரும்பினாள். "கதவு தொறந்து போனவங்க எத்தனை பேர் சார் உங்ககிட்டயே திரும்பி வந்தாங்க?"

"பாதிப் பேரு வந்தானுவ. பொங்கலுக்குத் தாய் வீட்டுக்கு வர்ற மாதிரி வருவானுவ." வேலாயுதம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அதனாலதான் இந்த முறை" என்றாள் எஸ்தர். "முதல்ல குத்தவாளி தலையில மட்டும் முழுசா ஏத்திப் பாத்தாங்க. ஒருத்தரும் தாங்கல. பெறவுதான் வீட்டுக்கே பிரிச்சுக் கொடுத்தாங்க. ஆளுக்குக் கொஞ்சம் ஏத்தினா ஆளும் தாங்குவாரு, வீடும் அவர மறுபடி அந்தப் பக்கம் போக விடாது. குத்தம் ஒரு ஆள்கிட்ட தனியா மொளைக்கிறதில்ல ஐயா. ஒரு வீட்டுல மொளைக்கிது."

மூத்தவருக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளவுமில்லை.

யார் யார் பங்கேற்கலாம் என்பதைச் சட்டம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாருக்கெல்லாம் தீட்டோ, அவர்களுக்கெல்லாம் இதிலும் இடம் உண்டு. பங்காளிகளுக்கு உண்டு, அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு உண்டு. கட்டிக் கொடுத்த மகளுக்குக் கிடையாது. சம்பந்திக்கும் கிடையாது. அதனால் வேலாயுதம் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரமநாயகத்தின் மனைவி மாசமாக இருந்ததால் விலக்கு.

"அப்போ எந்தப் பங்கு யாருக்குன்னு..." என்று எஸ்தர் தொடங்கினாள்.

"பெரிய பங்கு எனக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி, வயசாச்சு ஒங்களுக்கு. எம்மவன் செஞ்சதுக்கு நான்தான்..." குற்றாலிங்கம் எழுந்தார்.

"உக்காரு. பந்தியில மொத எலை எனக்குன்னா இதுலயும் மொத எலை எனக்குத்தான்." பிறகு எஸ்தரைப் பார்த்தார். "எது ரொம்ப வலிக்குமோ, அதக் குடும்மா."

"கருவி வலிய அளக்கும் ஐயா. எந்தத் துண்டு கனம்னு சொல்லும். உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. அது முத்திரை வச்சது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

உலகம்மை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அத்தான் தெய்வம்" என்றாள். கோமதிநாயகம் மட்டும் தலைநிமிர்ந்து பெரியப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அன்றே ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய்த் தலையில் கருவியின் தொப்பியை மாட்டிக்கொண்டு படுத்தார்கள். எழுந்து வந்தபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காவலர் கோமதிநாயகத்தின் கை விலங்கைக் கழற்றினார். எல்லோரும் ஒரே வண்டியில் வீடு திரும்பினார்கள்.

முதலில் உலகம்மைக்கு வந்தது. அடுப்படியில் தீக்குச்சியைக் கிழித்தவள் அதைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை அமிழ்த்திக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. குற்றாலிங்கத்துக்கு எதைத் தின்றாலும் புகை நாற்றம். பிரமநாயகத்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறையில் இருக்க முடியவில்லை. குளியலறைக் கதவைக்கூடத் திறந்து வைத்து, மனைவியை வெளியே காவல் நிற்கச் சொன்னான். தகரத்தில் ஆணி அடிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் கோமதிநாயகம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். செல்லக்கனி உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டியது அவன் பங்கு.

வீடு வாய்விட்டுப் பேசுவதை நிறுத்தியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். செல்லக்கனி ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கிறாள் என்று நாள் தவறாமல் விசாரித்தவள் உலகம்மைதான். அதற்கு முன்னால் அவள் பெயர்கூட உலகம்மைக்குத் தெரியாது.

மூத்தவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. தீயைப் பார்த்தால் தீயாக இருந்தது. சோறு சோறாக மணத்தது. பெரிய பங்கை வாங்கியவர் தினம் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அத்தான் எப்படித்தான் தாங்குதாவளோ" என்று உலகம்மை வியந்தாள். அவர் மறுத்துப் பேசவில்லை. கருவி பழுதாக இருக்கும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார். ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், ஏமாற்றிவிட்டோமோ என்று ஒரு கூச்சம்.

ஒரு நாள் வெயில் ஏறிய பிறகு, அதே நாற்காலியில் செய்தித்தாளைப் பிரித்தபோது வந்தது.

அவர் கேட்டுக்கு வெளியே நின்றார். காலடியில் தார் கொதித்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இன்னொரு கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. நாக்கு ஒட்டிக்கொள்ளும் தாகம். எதிரே, நிழலில், நாற்காலியில் ஒரு கிழவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். வெள்ளை வேட்டி. நிமிர்ந்த முதுகு.

"அய்யா" என்று அவர் வாயிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "கடைய எடுக்க மழ முடியுத மட்டும் தவண தாங்கய்யா. அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கிடுதேன்."

செய்தித்தாள் அசையவில்லை. பாவம், காது கேட்காதோ என்று அவர் நினைத்தார், அவள் நினைத்தாள். கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பக்கம் புரண்டது. காது கேட்கிறது என்று அப்போது புரிந்தது. நின்றாள். இனி நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றாள். தன் உடம்பு அங்கே நிற்பதே ஒரு பிழை போல அவளுக்குத் தோன்றியது. கிழங்குக் கட்டை மதில்மேல் வைத்தாள்.

அப்போது கிழவர், தாளுக்குப் பின்னாலிருந்து, வண்டி துடைத்துக்கொண்டிருந்த இளைஞனிடம் கேட்டார்:

"அந்தத் தகரம் இன்னுமா அங்கன கெடக்கு?"

இளைஞன் துடைப்பதை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஒரு வேலையை ஏற்றுக்கொண்டவனின் முகம் அது. என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்போது என்பதுதான் தெரியவில்லை.

செய்தித்தாள் மடியில் கிடந்தது. ஆவுடையப்பன் தன் பாதங்களைத் தூக்கிப் பார்த்தார், அவற்றில் சூடு ஏறியிருக்கவில்லை.

அந்த நாளை அவர் தம் சொந்த நினைவில் தேடினார். மதில், வண்டி, வெயில் எல்லாம் எல்லா நாளையும் போலத்தான் இருந்தன. அந்தப் பெண் அதில் எங்குமே இல்லை. கிழங்குக் கட்டும் இல்லை. அன்றைய நாளைப் பற்றி அவரிடம் இருந்தது அவளுடைய நினைவு ஒன்றுதான்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் அந்தக் கிழவரை வேண்டிக்கொண்டார்: ஒரே ஒரு தடவை தாளை இறக்குங்க. கிழவர் இறக்கவில்லை.

கோமதிநாயகத்தை மாடிக்கு அழைத்தார்.

"ஏல, உண்மையச் சொல்லு. யாரு சொல்லித் தீ வச்ச?"

அவன் தரையைப் பார்த்தான். "யாரும் சொல்லல பெரியப்பா."

"தகரம் இன்னுமா கெடக்குன்னு கேட்டேனா நான்?"

அவன் நிமிர்ந்தான். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. எந்தத் துண்டு அவருக்கு வந்திருக்கிறது என்பது அந்தக் கணமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "கேட்டீய."

"கேள்விதானலே கேட்டேன்?"

"பெரியப்பா, நீங்க என்னைக்கு இதச் செய்யுன்னு சொல்லியிருக்கிய? கெணறு தூர் வாரலியான்னு கேட்டிய, வாரினோம். தங்கச்சி மீனாவுக்கு இன்னும் மாப்பிள்ள அமையலியான்னு கேட்டிய. அந்த மாசமே நிச்சயம் பண்ணினோம். கணக்கப்பிள்ள இன்னுமா வேலைக்கு வாரான்னு கேட்டிய; மறுநாள் அவன் வரல. நம்ம வீட்டுல நீங்க கேட்டா வேலைய முடிச்சுட்டுத்தான பதில் சொல்லணும்?"

அது உண்மை. மில் வீட்டில் மூத்தவர்கள் ஏவுவதில்லை. ஏவுவது கௌரவக் குறைச்சல். அவருடைய அப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். கேட்பார்கள், அவ்வளவுதான். செய்த பழி செய்தவன் கையோடு போயிற்று. கேட்டவர் வேட்டியில் கறை பட்டதில்லை.

"கோர்ட்டுல ஏன் சொல்லல?"

"நம்ம வீட்டு மானம் என்னாவும் பெரியப்பா?" அவன் கை காதுக்குப் போனது. "உள்ள ஆளு இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அவ உள்ளருந்து தட்டினா பெரியப்பா. நான் ரோட்டுக்கு ஏறிட்டேன். அப்போ எனக்குக் கேக்கல. இப்பத்தான் கேக்குது."

வேலாயுதத்தை வரவழைத்து, மகனுக்கும் தெரியாமல், மூத்தவர் எல்லாவற்றையும் சொன்னார். வேலாயுதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குத்தத்துல கையுள்ள இன்னொருத்தன் பங்காளியா நிக்க முடியாது சம்மந்தி. தெரிஞ்சா மொத்தப் பங்கேற்பும் செல்லாது. பையன் உள்ள போவான். தூண்டினதுக்காக நீங்களும் போவிய."

"ஏத்தின நெனவு?"

"அது இருக்கும். அதான் அன்னைக்கே சொன்னேனே. ஒங்க தம்பி பொண்டாட்டி ஆயுசுக்கும் அடுப்பு பத்தவைக்க மாட்டாவ. சிறையும் உண்டு, இதுவும் உண்டுன்னு ஆயிரும். வாயத் தொறக்காதிய. அவ்வளவு பேரும் சுமந்தது வீணாப் போவும்."

"இவ்வளவு காலம் ஜெயில்ல இருந்தவரு நீரு. ஒம்ம முறை நல்லதா, இவங்க முறை நல்லதா?"

வேலாயுதம் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ள இருந்தவன்ல தன்னப் பத்தி நெனைக்காதவன் இல்ல. எம்பிள்ள, எம்பொண்டாட்டி, எங்கேசுன்னு அதே பேச்சு. அடிபட்டவன நெனச்சு அழுதவன் ஒருத்தனையும் நான் பாக்கல. அந்த வகையில இவங்க ஜெயிச்சுட்டாங்க. ஆனா எங்க கைதி பொண்டாட்டி நிம்மதியா ஒல வச்சா. அந்த வகையில நாங்க ஜெயிச்சோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த டீக்கடைக்காரி நெனவுலதான இருக்கு அது. பொறவு அவ ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு மூத்தவருக்குப் பதில் தெரிந்திருந்தது. அவளுக்குள்ளே நின்று பார்த்தவர் அவர். சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைத்திருந்தாள். ஒரு கேள்வி கேட்டார் என்று எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக்கொள்வார்கள்?

முதல் விசாரணை நாள் வந்தது. பங்கேற்றவர்கள் ஒவ்வொருவரும் பாதிக்கப்பட்டவர் முன்னால் வந்து நின்று, தாம் சுமப்பதைச் சொல்ல வேண்டும். புறப்படும் முன் குற்றாலிங்கம் அண்ணனின் அறைக்கு வந்து கதவோரம் நின்றார். வேலாயுதத்தின் வாயில் விஷயம் தங்கியிருக்கவில்லை.

"அண்ணாச்சி. இன்னைக்கு வரைக்கும் ஒங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல நான். எம்மவன உள்ள அனுப்பிராதிய."

மூத்தவர் அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டார்.

"பேசுங்க அண்ணாச்சி. சும்மா நின்னா நான் என்னன்னு எடுத்துக்கிட?"

"நான் சும்மா நின்னதுக்கும் கேட்டதுக்கும் ஒரு அர்த்தம் நீங்களே எடுத்துக்கிட்டு இவ்வளவு காலம் ஓட்டியாச்சு குற்றாலம்" என்றார் ஆவுடையப்பன். "இன்னைக்கு வாயால சொல்லிருதேன். நான் உண்மையச் சொல்லப் போறேன். ஒம்மவன் உள்ள போவான். என்னைய ஏசணும்னா இப்பவே ஏசு."

குற்றாலிங்கம் ஏசினார். அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை கேட்டிராத வார்த்தைகளையெல்லாம் சொல்லி ஏசினார். மூத்தவர் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

நிலையத்துக் கூடத்தில் செல்லக்கனி ஒரு நாற்காலியில், கைகளை மடியில் மல்லாத்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உலகம்மை சொன்னாள், அழுதாள். குற்றாலிங்கம் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார். பிரமநாயகம் சொன்னான். கோமதிநாயகம் தட்டும் சத்தத்தைச் சொன்னான். எல்லாவற்றையும் அவள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டாள்.

ஆவுடையப்பன் எழுந்தார். எஸ்தரின் மேசையைத் தாண்டிப் போய் அவளுக்கு நேர் எதிரே நின்றார்.

"எனக்கு வந்தது தீயில்ல தாயி" என்றார். "எங்க வாசல்ல, வெயில்ல, செருப்பக் கையில வச்சுக்கிட்டு நீ நின்னது. எனக்குக் காது கேக்காதோன்னு நீ எரக்கப்பட்டது. எனக்குக் காது நல்லாக் கேக்கும். நீ சொன்ன அவ்வளவும் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் அந்தத் தகரம் இன்னுமா கெடக்குன்னு பையன்கிட்ட சொன்னேன். எங்க வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். உள்ள ஆளு இருந்தது அவனுக்குத் தெரியாது. இருக்கான்னு நானும் கேக்கல."

எஸ்தர் எழுந்துவிட்டாள். "ஐயா, நீங்க சொல்றதோட விளைவு..."

"தெரியும்மா. எழுதிக்கோ."

செல்லக்கனி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "இப்பத்தான் பேப்பரக் கீழ வச்சியளாய்யா?" என்றாள்.

அவர் தலை கவிழ்ந்தார். அந்தத் தலை பொது இடத்தில் கவிழ்ந்ததை அவர் மகன் அன்றுதான் பார்த்தான்.

பங்கேற்பு செல்லாமற்போயிற்று. கோமதிநாயகம் சிறைக்குப் போனான். மூத்தவர் மீது தனி வழக்கு நடந்து, தூண்டியதற்காக அவருக்கும் சிறை விதிக்கப்பட்டது. அவர் தண்டனையிலும் குடும்பம் பங்கேற்கலாம் என்று பிரமநாயகம் மனுப் போட்டான். தன் பங்கை யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். சிறையிலும் அந்த வெயில் அவருக்கு வருகிறது. பெரும்பாலும் காலையில், பக்கத்துக் கொட்டடியில் யாராவது செய்தித்தாளைப் பிரிக்கும்போது. தார் சுடுகிறது. தாகம் எடுக்கிறது. நிழலில் இருக்கும் கிழவர் இன்றுவரை தாளை இறக்கவில்லை.

ஊரில் இப்போது ஒரு பேச்சு உண்டு. மில் விலக்கில், சாலை பிரியும் இடத்தில், அவர் படம் போட்டு ஒரு பலகையே வைத்திருக்கிறார்கள். தம்பி மகனின் தண்டனையைக் குறைப்பதற்காக, செய்யாத குற்றத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு சிறை சென்ற குலவிளக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. அது உண்மையல்ல. தம்பி மகனின் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஆவுடையப்பன் யாருடைய குற்றத்தையும் தலைமேல் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகையை எரிக்கச் சொன்னவர் அவர்தான்.